கறுப்பு அடிப்பதற்கு முன்னால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. பட்டர்வொர்த், பாகான் ஆஜாமில் இருக்கிறேன், வயது 29. அப்பா 1997-இல் வாங்கிய புரோட்டோன் வீரா இப்போது என் கையில் இருக்கிறது. தினமும் அதில்தான் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் டயர் மாற்ற ஜேக் போட்டபோது இடது பக்கக் கதவுக்குக் கீழே 'கறுக்'கென்று சத்தம் கேட்டு, தகடு உள்ளே அமுங்கிவிட்டது. குனிந்து பார்த்தால் துரு. ஒரு கடையில் அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு அண்டர்கோட் அடிக்க 380 வெள்ளி, ஒரே நாளில் முடித்துத் தருகிறோம், 10 வருஷத்துக்குக் கவலை வேண்டாம் என்றார்கள். பக்கத்து வீட்டு அங்கிள், காசை வீணாக்காதே, பழைய மினியாக் ஹித்தாமை (கழித்த எஞ்சின் எண்ணெயை) டீசலில் கலந்து அடித்துவிடு என்கிறார். பேட்டரியில் மாட்டினால் துருவே பிடிக்காது என்று ஒரு எலக்ட்ரானிக் கருவியும் விற்கிறார்கள். நான் எதைச் செய்யட்டும்? அப்பாவின் காடி, விற்க மனசு வரவில்லை. (முன்னால் இடது பக்கம் கார்ப்பெட் அடிக்கடி ஈரமாக இருக்கும். வயசான காடிக்கு அது சகஜம்தானே?)

பதில்:

தம்பி, நீங்கள் போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுப் போனீர்களே ஒரு வரி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். கார்ப்பெட் ஈரமாக இருப்பது சகஜம் இல்லை. அது வயசின் அடையாளமும் இல்லை. உள்ளே எங்கிருந்தோ தண்ணீர் இறங்குகிறது, இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற தடிமனான பஞ்சில் தேங்கி நிற்கிறது, அந்தப் பஞ்சு இரவு பகலாகத் தரைத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தரைத் தகட்டின் கனம் 1 மில்லிமீட்டர்கூட வராது. நீங்கள் கீழே இருந்து துருவைப் பார்க்கிறீர்கள், ஆனால் அது மேலே இருந்து தின்றுகொண்டு வந்து கீழே எட்டிப் பார்க்கிற துருவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படி இருக்கும்போது கீழ்ப்பக்கம் எவ்வளவு நல்ல மருந்து அடித்தாலும் என்ன பயன்?

அதனால் அந்த 380 வெள்ளி வேலைக்கு நாள் குறித்திருந்தால் இன்றைக்கே போன் போட்டு நிறுத்திவிடுங்கள்.

அண்டர்கோட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சுத்தமான, காய்ந்த, பிரைமர் போட்ட இரும்பின் மேல் அடித்தால் கல் தெறிப்பதிலிருந்து நன்றாகவே காப்பாற்றும். காலையில் காடியை வாங்கி, தண்ணீர் பீய்ச்சி, சாயங்காலம் கறுப்பாக்கிக் கொடுப்பதுதான் கேடு. தார் வகை, ரப்பர் வகை அண்டர்கோட் எல்லாம் காய்ந்தால் இறுகிவிடும். நம் வெயிலிலும் மழையிலும் 2, 3 வருஷத்தில் ஓரங்களில் மெல்லிய வெடிப்பு விடும், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் இரும்புக்கும் தாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் கறுகறுவென்று புதுசு மாதிரி இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருபது வயதில் வேலை கற்றுக்கொள்ளப் போன பட்டறையில் ஒரு பழைய புரோட்டோன் சாகா வந்தது. பின் சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. கம்பிப் பிரஷ் போடக்கூட நேரம் கொடுக்காமல் மேலேயே கறுப்பு அடிக்கச் சொன்னார்கள், நான்தான் அடித்தேன். அந்தக் காடிக்காரர் ரொம்ப சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். 3 வருஷம் கழித்து அதே காடி லோரியில் ஏற்றி வந்தது. ஒரு தடுப்பு மேட்டில் ஏறி இறங்கியதும் பின் ஸ்பிரிங் உட்காரும் இடம் பிய்ந்துபோயிருந்தது. பின் சீட்டில் அவருடைய 2 பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள், யாருக்கும் அடிபடவில்லை. அந்தத் தார் மட்டும் அப்படியே தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, கையால் இழுத்தால் ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வந்தது, பின்பக்கம் முழுக்கத் துருப் பொடி. அன்றிலிருந்து துருவின் மேல் நேராக அண்டர்கோட் அடிக்கும் வேலையை யார் கேட்டாலும் நான் எடுப்பதில்லை.

துரு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் உங்களுக்கே புரிந்துவிடும். இரும்புக்குத் தண்ணீரும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைத்தால் துரு. அந்தத் தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் சுலபமாகக் கடக்கும், வேலை பல மடங்கு வேகமாகும். பனி பெய்கிற நாடுகளில் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், அதனால்தான் அங்கே காடிகள் அவ்வளவு சீக்கிரம் அழுகுகின்றன. நம் ஊரில் அந்த உப்பு இல்லை, ஆகையால் துருவும் இல்லை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஆனால் காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே, மழை ஒரு சொட்டு விழாமலேயே, இரும்பு துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். பினாங்கில் ராத்திரி முழுக்க அதைவிட எவ்வளவோ அதிகம். நீங்களோ கடலோரத்தில் குடியிருக்கிறீர்கள், தினமும் 2 தடவை கடலுக்கு மேல் 8 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள். உப்பு உங்களைத் தேடி வருகிறது.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. திறந்த இடத்தில் இருக்கும் இரும்பைவிட, சேற்றுக்கு அடியிலும் இடுக்கிலும் வெடித்த அண்டர்கோட்டுக்கு உள்ளேயும் இருக்கும் இரும்புதான் ஆழமாக அரிக்கப்படும். காற்று நன்றாகப் படும் இடமும் காற்று படாத இடமும் ஒரே ஈரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், காற்று படாத இடம்தான் கரையும். பேட்டரிக்குள் ஒரு பக்கத் தகடு கரைகிற மாதிரி. வீல் ஆர்ச்சின் (டயருக்கு மேல் வளைந்திருக்கும் தகட்டின்) உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி சேறு வெளியே தெரியும் பெரிய துருப் படலத்தைவிட ஆபத்தானது என்பது இதனால்தான்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

இந்தச் சனிக்கிழமை இடது பக்க முன் சீட்டைக் கழற்றுங்கள், 4 போல்ட்தான். கதவோரத்து பிளாஸ்டிக் பட்டையை மெதுவாக நெம்பி எடுத்தால் கார்ப்பெட்டைத் தூக்கலாம். அடியில் இருக்கும் பஞ்சைக் கையால் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் முழுசாக வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள், 2, 3 நாள் ஆகும், அரைகுறை ஈரத்தோடு திரும்பப் போடவே கூடாது.

அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வேறு எதையும் தொடாதீர்கள். முதல் சந்தேகம் ஏர்கோன். டேஷ்போர்டுக்கு உள்ளே குளிர்ந்த சுருளில் சேரும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் காடிக்குக் கீழே சொட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏர்கோனைப் போட்டு கால் மணி நேரம் நின்றால் கீழே ஒரு சின்னக் குட்டை கட்டாயம் தெரியும். தெரியவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர் முழுக்க உள்ளேதான் வழிகிறது. தூசியும் பாசியும் சேர்ந்து சளி மாதிரி அடைத்துக்கொள்ளும். கீழே இருந்து மெதுவாகக் காற்று ஊதினாலே பல தடவை திறந்துவிடும். வேகமாக ஊதாதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது சந்தேகம், வைப்பருக்கு அடியில் இருக்கும் கிரில். அதன் இரண்டு ஓரத்திலும் மழைத் தண்ணீர் வடிய வழி இருக்கும். ஆங்சானா மரத்து அடியில் நிறுத்துகிற பழக்கம் இருந்தால் அந்த வழி இலையும் பூவும் மக்கி மண்ணாகவே ஆகியிருக்கும், ஒரு காடியில் சின்னச் செடி முளைத்திருந்ததை நான் பிடுங்கியிருக்கிறேன். வழி அடைத்தால் தண்ணீர் நிரம்பி ஏர்கோன் காற்றாடிப் பெட்டி வழியாக உங்கள் கால் மாட்டுக்கு வரும். ஒருவரை டார்ச் லைட்டோடு உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு, கிரில்லில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எங்கே வழிகிறது என்று அவர் சொல்லிவிடுவார். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், பின்னால் லைட்டுக்கு வைத்த கேஸ்கெட், இவையும் ஒழுகும். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஸ்பேர் டயரைத் தூக்கி அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் நின்றபின்தான் துரு. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரைத் தகட்டையும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியையும் (நாங்கள் சில் என்போம்) தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும், அழுகிய இரும்பு 'தொப்' என்று கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையால் கொஞ்சம் அழுத்துங்கள். உள்ளே போய்விட்டால் வருத்தப்படாதீர்கள், அந்த ஓட்டை ஏற்கெனவே அங்கே இருந்ததுதான்.

நீங்கள் ஜேக் போட்ட இடம் நான் பார்க்காமலேயே சொல்கிறேன், வெல்டிங் வேலை. ஜேக் போடுவதற்கென்றே இரண்டு மூன்று தகடு சேர்த்துப் பலப்படுத்திய இடம் அமுங்குகிறது என்றால் அந்தப் பெட்டி உள்ளே போயிருக்கிறது. சில் வெறும் அழகுக்கு இல்லை. பக்கவாட்டில் யாராவது மோதினால் தாங்க வேண்டியது அதுதான், காடி முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். ஃபைபர் ஒட்டி, புட்டி பூசி, பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிலர் அந்தப் பெட்டிக்குள் நுரை அடைப்பார்கள், அது அதைவிட மோசம், ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, 1 மில்லிமீட்டர் தகட்டை வளைத்து முழுசாக வெல்ட் பண்ண வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றுகிறாரா, கார்ப்பெட்டை வெளியே எடுக்கிறாரா, பெட்ரோல் பைப் எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்க்கிறாரா, இந்த மூன்றையும் கவனியுங்கள். இதைச் செய்யாமல் வெல்டிங் டார்ச்சை எடுப்பவரிடம் காடியை விடாதீர்கள். அதுவரை அந்த இடத்தில் ஜேக் போடவே கூடாது. எந்த இடத்தில் போட்டாலும் ஜேக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்ட வேண்டாம், ஜேக் ஸ்டாண்ட் இல்லாமல் வேலை இல்லை.

கீழே பார்க்கும்போது பிரேக் பைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். மேலே சும்மா பழுப்பு நிறம் என்றால் பரவாயில்லை. செதில் செதிலாகச் சொரசொரவென்று இருந்தால் மாற்றுங்கள், அதன் மேல் எதையும் பூசாதீர்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்கும் அன்றைக்குத்தான் அது வெடிக்கும். பெட்ரோல் டேங்கைத் தூக்கிப் பிடித்திருக்கும் பட்டைகளும் அப்படித்தான்.

முன்பக்கம் சேசிஸ் ரெயிலும் (காடியின் பாரத்தைத் தாங்கி நீளமாக ஓடும் இரும்புப் பெட்டி), ஸ்டியரிங்கும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்மும் உட்காரும் இடமும் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் நான் வேறு மாதிரி பேசுவேன். அப்பாவின் காடி என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இடங்கள் போயிருந்தால் அதில் ஏறி வேலைக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். தரையும் சில்லும் மட்டும் என்றால் தைரியமாகச் செய்யலாம், 1997 வீராவுக்குப் பாகங்கள் இன்னும் சுலபமாகக் கிடைக்கின்றன.

வெல்டிங் முடிந்து பூச்சு வேலைக்கு வந்தால், நாள் பார்த்துச் செய்யுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் மழை குறைவு. தைப்பூசம் முடிந்த கையோடு செய்தால் நல்லது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இந்த வேலையே வேண்டாம். காடியைத் தூக்கித் தண்ணீர் அடிக்கும் கடையில் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள், வீல் ஆர்ச்சின் உள் ஓரங்களில் கை விட்டுச் சேற்றை எடுக்கச் சொல்லுங்கள். சில்லின் அடியிலும் கதவுகளின் அடியிலும் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும், அத்தனையையும் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓட விடுங்கள். கழுவியதும் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, குறைந்தது 2 நாள் வெயிலில் நிறுத்துங்கள். கண்ணுக்குக் காய்ந்துவிட்டது போலத் தெரியும், பெட்டிகளுக்குள் காய்ந்திருக்காது. ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் கடை இந்த 2 நாளைத்தான் திருடுகிறது.

காய்ந்தபின் பழைய அண்டர்கோட்டைச் சுரண்டிப் பாருங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தை விட்டுவிடலாம், தூக்கிக்கொண்டு வரும் இடத்தை முழுசாக எடுக்க வேண்டும். துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, செதில்கள் எல்லாம் போனபின் ரஸ்ட் கன்வெர்ட்டரை மெல்லிசாகத் தடவுங்கள். அதில் டேனிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும், மிஞ்சியிருக்கும் மெல்லிய துருவோடு சேர்ந்து அசையாத ஒரு படலமாக மாற்றிவிடும், டேனிக் வகை என்றால் கறுநீலமாக மாறுவது கண்ணுக்கே தெரியும். கனமான செதிலுக்கு மேல் ஊற்றினால் மேல் தோல் மட்டும் மாறும், அடியில் துரு அப்படியே இருக்கும். ஒரு நாள் காயவிட்டு எபோக்சி பிரைமர் 2 கோட், தகடுகள் சேரும் இடங்களில் சீலர். இதற்கு மேல்தான் கடைசிப் பூச்சு.

கடைசிப் பூச்சுக்கு நான் தாரைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். மெழுகு வகை, அல்லது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனலின் வகை. இவை முழுசாக இறுகாது, கீறல் விழுந்தாலும் மெதுவாக ஊர்ந்து மூடிக்கொள்ளும், கீழே இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் முடியும். தூசி ஒட்டும், அழகாக இருக்காது, கை வைத்தால் பிசுக்கும். அதெல்லாம் பரவாயில்லை தம்பி, அடிப்பாகத்தை யாருக்குக் காட்டப் போகிறோம். கல் நேராகத் தெறிக்கும் வீல் ஆர்ச்சில் மட்டும் பிரைமருக்கு மேல் ரப்பர் வகை போட்டால் நானே சரி என்பேன்.

இதைவிட முக்கியம் பெட்டிகளின் உள்பக்கம். 380 வெள்ளிக் கடையிடம் கேட்டுப் பாருங்கள், சில்லுக்குள்ளே அடிப்பீர்களா என்று. பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அது பொறுமை கேட்கும் வேலை, வெளியே தெரியாத வேலை. காடியைத் தொழிற்சாலையில் பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுக்கும்போது பெட்டிகளின் உள் இடுக்குகளில் பூச்சு மெல்லிசாகத்தான் ஏறும். காற்றும் போகாது, வெயிலும் போகாது. சில் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே அழுகுவது அதனால்தான். கேவிட்டி வாக்ஸ் (பெட்டிக்குள் அடிக்கும் மெழுகு) என்று கேட்டு வாங்குங்கள், கூடவே நீளமான மெல்லிய குழாயும், சுற்றிலும் பீய்ச்சும் முனையும் இருக்க வேண்டும். கதவோரத்து ரப்பர் மூடிகளைக் கழற்றி அந்தத் துளைகள் வழியாகக் குழாயைக் கடைசிவரை உள்ளே விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். கீழே வடிகால் துளைகளில் மெழுகு சொட்ட ஆரம்பித்தால் போதுமான அளவு போயிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் அதே துளைகளை மறுபடியும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, தண்ணீர் வெளியேறும் வழியைத் தாங்களே மெழுகால் அடைத்துவிட்டுப் போனவர்கள் நிறைய. வெல்ட் பண்ணிய இடத்துக்கு உள்பக்கம் கட்டாயம் அடிக்க வேண்டும், சூட்டில் அங்கே பூச்சு எல்லாம் எரிந்திருக்கும், அங்கிருந்துதான் அடுத்த துரு ஆரம்பிக்கும்.

எக்ஸாஸ்ட், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பிரேக் டிஸ்க், டிரம், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர், இரும்பு மூட்டுகளுக்கு நடுவில் இருக்கும் புஷ் ரப்பர்கள், சென்சர் ஒயர்கள், இவற்றின் மேல் எதுவும் படக்கூடாது. பிளாஸ்டிக் பை சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். இந்த ஸ்ப்ரேக்கள் தீப்பிடிக்கும், மூடிய கராஜில் அடிக்காதீர்கள், முகமூடியும் கண்ணாடியும் போடுங்கள்.

பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னதற்கு வருகிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்து லோரிகளுக்கு அப்படித்தான் அடித்தார்கள், எண்ணெய் இருக்கிறவரை தண்ணீர் ஒட்டாது என்பதும் உண்மை. ஆனால் எஞ்சினில் ஓடிக் கழித்த எண்ணெயில் எரிந்ததால் உண்டான அமிலமும் உலோகத் துகள்களும் கலந்திருக்கும். அது புது எண்ணெய் மாதிரி இல்லை. டீசலோடு சேர்ந்து புஷ் ரப்பர்களை உப்ப வைக்கும், பிரேக்கில் பட்டால் பிடிக்காது, தோலில் அடிக்கடி பட்டால் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. நாலு மழையில் கழுவிக்கொண்டு லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போய், அங்கிருந்து கடலுக்குத்தான் போகும், உங்கள் வீட்டுக்கு எதிரே மீன் பிடிக்கிற அதே கடலுக்கு. நம் நாட்டில் கழித்த எஞ்சின் எண்ணெய் அட்டவணைக் கழிவு (சட்டப்படி தனியாகக் கையாள வேண்டிய கழிவு), அதன் குறியீடு எஸ்.டபிள்யூ. 305. அதைச் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டுமே தவிர ரோட்டில் சொட்டவிடக் கூடாது. அங்கிளிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், லேனலினும் அதே எண்ணெய் வைத்தியம்தான் அங்கிள், சுத்தமான மருந்து, அவ்வளவுதான் வித்தியாசம் என்று. கேட்டுக்கொள்வார்.

அந்த எலக்ட்ரானிக் கருவியை வாங்காதீர்கள். மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது, கப்பலிலும் கடலுக்கு அடியில் போகும் குழாய்களிலும் பயன்படுத்துகிறார்கள். பாகானில் கரையேற்றி வைத்திருக்கும் படகுகளின் அடியில் ஒட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகளும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கின்றன, இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் கரைகின்றன. ஆனால் அங்கே இரும்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது, மின்சாரம் சுற்றிவர வழி இருக்கிறது. காற்றில் நிற்கும் காடியில் அந்த வழி இல்லை. அந்தக் காசுக்கு 2 டின் மெழுகு வரும்.

அதோடு சில பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். புல்லின் மேல் நிறுத்தாதீர்கள், இரவெல்லாம் ஆவி கீழே இருந்து அடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், காற்றோட்டம் இல்லாத உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும், அதற்குப் பதில் வெறும் கூரை போதும். மாதம் ஒரு தடவை மேலே கழுவும்போது வீல் ஆர்ச்சுக்குள்ளும் சில்லுக்கு அடியிலும் வெறும் தண்ணீர் அடித்தால் உப்பு போய்விடும். கடல் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டினால் அன்றைக்கே கழுவுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கீழே படுத்து ஒரு பார்வை, மெழுகு போன இடத்தில் மட்டும் மறுபடி ஒரு பூச்சு. 10 வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிற பூச்சு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பினாங்கில் வெள்ளம் ஏறியதே, அன்றைக்கு இந்தக் காடி எங்கே நின்றது என்று அப்பாவிடம் கேளுங்கள். வெள்ளத்தில் நின்றிருந்தால் சில்லுக்குள்ளும் சேசிஸ் பெட்டிக்குள்ளும் சேறு இன்னும் இருக்கும். மெழுகு அடிப்பதற்கு முன்னால் ரப்பர் மூடிகளைக் கழற்றித் தண்ணீர்க் குழாயை உள்ளே விட்டு, கீழே தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும், காய்வதற்கு 2 நாளுக்குப் பதில் ஒரு வாரம் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை கார்ப்பெட்டைத் தூக்கியதும் 3 படம் எடுத்து அனுப்புங்கள்: கால் வைக்கும் இடத்துத் தரை, ஜேக் அமுங்கிய இடம் பக்கத்திலிருந்து, பின் ஸ்பிரிங் உட்காரும் இடம் கீழிருந்து. பிரைமர் வாங்க ஓடாதீர்கள், வெல்டிங் எவ்வளவு தூரம் போகும் என்று அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.